மாண்டி கிறிஸ்டோ பிரபுவைப் படிப்பது எப்படி: பழிவாங்கலுக்கும் முகமூடிகளுக்கும் ஒரு கணக்கு நோட்டு

அலெக்சாண்டர் டூமாவின் நாவல் ‘மாண்டி கிறிஸ்டோ பிரபு’ 117 அத்தியாயங்கள் கொண்டது. பொய்ப் புகாரால் சிறைக்குப் போன மாலுமி எட்மண்ட் தாந்தே, தப்பி, புதையல் கண்டு, மாண்டி கிறிஸ்டோ பிரபுவாகத் திரும்பிவந்து பழிவாங்கும் கதை. 1844 ஆகஸ்ட் முதல் 1846 ஜனவரி வரை பாரீஸ் நாளிதழ் ஒன்றில் தொடராக வந்தது. எழுத்தாளர் ஒகுஸ்த் மக்கே உடனிருந்து உழைத்தார். தொடர்கதை ஆனதால் ஓரிடத்தில் விதைத்தது நாற்பது அத்தியாயம் தள்ளி முளைக்கும். நாளுக்கு மூன்று அத்தியாயம் படித்தால் 39 நாளில் முடியும். வாரத்துக்கு இரண்டு என்று இழுத்தால் பாதியில் யார் எவர் என்பதே மறந்துபோகும். கதை முடிச்சுகளை இந்தக் குறிப்பு மறைக்கவில்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

சுருக்கப் பதிப்பு வேண்டாம். பிரபுவின் காரியஸ்தர் பெர்ட்டூச்சியோ தன் பழைய பழிக்கதையைச் சொல்லும் 44, 45 அத்தியாயங்கள் இல்லையென்றால், அரசு வழக்கறிஞர் வில்ஃபோர் நீதிமன்றத்தில் ஏன் நொறுங்குகிறார் என்பதே விளங்காது. ஆங்கிலத்தில் படிப்பவர்கள் எந்த மொழிபெயர்ப்பு என்று பார்த்து வாங்குங்கள். பெயரில்லாத 1846 மொழிபெயர்ப்பு இன்னமும் மறுபதிப்பாகிறது. அதில் டாங்லாரின் மகள் யூஜீனிக்கும் அவள் தோழி லூயிஸுக்கும் இடையிலான காதல் போன்ற விஷயங்களைக் கூச்சப்பட்டு மங்கலாக்கியிருக்கிறார்கள். ராபின் பஸ் 1996-இல் செய்த மொழிபெயர்ப்பில் அந்தக் கூச்சம் இல்லை.

நாவலை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 1 முதல் 30 வரை துறைமுக நகரம் மார்செய், சிறை, புதையல். 31 முதல் 38 வரை ரோம். மீதி எல்லாம் பாரீஸ். பலர் புத்தகத்தை மூடிவைப்பது 31-இல்தான். ஒன்பது ஆண்டுகள் தாண்டி 1838-க்குப் போகிறது கதை; இரண்டு புது இளைஞர்கள் வருகிறார்கள்; நாயகனைக் காணோம். அவன் காணாமல் போகவில்லை. கதைசொல்லிதான் எட்மண்ட் தாந்தே என்ற பெயரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். அந்த இளைஞர்களில் ஒருவனான ஆல்பர்ட், தாந்தேயின் எதிரி ஃபெர்னாண்டின் மகன் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் ரோம் அத்தியாயங்கள் ஓடிவிடும்.

இனி நோட்டு. ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: பெயர், யார் முன்னால், எதற்காக. எதற்காக என்பதுதான் முக்கியம். தாந்தே ஆசைக்காக வேஷம் மாற்றுவதில்லை. ஒவ்வொரு முகத்துக்கும் தனி வேலை உண்டு.

பாதிரியார் புஸோனி உண்மையைக் கறக்க. 26-ஆம் அத்தியாயத்தில் ஒரு வைரத்தை நீட்டி, தாந்தேயின் பழைய அண்டை வீட்டுக்காரன் காடரூஸின் வாயைத் திறக்கிறார். தாந்தேயைச் சிறைக்கு அனுப்பிய பொய்ப் புகார் எப்படிப் பிறந்தது என்ற முழுக் கதையும் வெளிவருகிறது. தாம்சன் அண்ட் ஃபிரெஞ்ச் வங்கியின் ஏஜென்ட் ஆவணங்களைக் கைப்பற்ற. 28-இல் சிறைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே அந்தப் புகார்க் கடிதத்தைச் சத்தமில்லாமல் மடித்துப் பையில் போட்டுக்கொள்கிறான். சிந்துபாத் நன்றிக்கடன் தீர்க்க. கப்பல் முதலாளி மொரெலின் மகளுக்கு அந்தப் பெயரில்தான் கடிதம் வருகிறது. அதைப் பின்பற்றிப் போனால் சிவப்புப் பட்டுப் பையில், தீர்க்கப்பட்ட 287,500 பிராங்க் கடன்பத்திரம் கிடக்கிறது. லார்டு வில்மோர்தான் எல்லாவற்றிலும் கெட்டிக்காரத்தனமான படைப்பு: பிரபுவின் பரம விரோதி. 69-ஆம் அத்தியாயத்தில் பிரபுவைப் பற்றி விசாரிக்க ஒருவர் கிளம்புகிறார். நண்பர் புஸோனியையும் விரோதி வில்மோரையும் தனித்தனியாகப் பார்க்கிறார். இரண்டு சாட்சியும் ஒரே ஆள். விசாரிக்க வந்தவரும் வேஷம் போட்ட வில்ஃபோர்! பயந்த மாதிரி ஒன்றும் இல்லை என்று நிம்மதியோடு வீடு திரும்புகிறார். நீதித்துறையின் விசாரணை முறையையே டூமா இங்கே கிண்டலடிக்கிறார்.

அடுத்த பக்கத்தில், அவன் சொந்தப் பெயரை எங்கெங்கே சொல்கிறான் என்று குறியுங்கள். சாகும் தறுவாயில் உள்ள காடரூஸிடம் 83-இல். ஃபெர்னாண்டின் முன்னால் மாலுமி உடுப்போடு 92-இல். வில்ஃபோரிடம் புஸோனியின் பொய்முடியைப் பிய்த்தெறிந்து 111-இல். டாங்லாரிடம் 116-இல். இவர்களிடம் தண்டனை விழுந்த பிறகே பெயர் வருகிறது. தாந்தேக்கு நிச்சயிக்கப்பட்டு, பிறகு ஃபெர்னாண்டின் மனைவியான மெர்சிடஸிடம் அப்படி இல்லை. அவன் சொல்வதற்கு முன்பே குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுகிறாள். 71-இல் தன் வீட்டுத் தோட்டத்தில் திராட்சையும் பீச் பழமும் நீட்டிக் கெஞ்சுகிறாள், அவன் தொட மறுக்கிறான். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லும் மொழிக்காரர்களுக்கு அந்த மறுப்பின் பொருளை விளக்க வேண்டியதில்லை. 89-இல் அவள் ‘எட்மண்ட்’ என்று வாய்விட்டு அழைக்கும்போது, போட்ட திட்டம் முதல்முறையாக ஆட்டம் காண்கிறது.

ஆண்டுக்கணக்கும் கைவசம் இருக்கட்டும். கதை தொடங்குவது 1815 பிப்ரவரி 24. மார்ச் 1-இல் நெப்போலியன் பிரான்சில் கரையிறங்குகிறார், ஜூன் 18-இல் வாட்டர்லூவில் தோற்கிறார். இது தெரியாமல் 13-ஆம் அத்தியாயம் புரியாது. நெப்போலியன் ஆட்சியில் இருக்கும் அந்தக் குறுகிய இடைவெளியில், தாந்தேயைச் சிறைக்கு அனுப்பிய வில்ஃபோர், மொரெலை வைத்து ஒரு மனு எழுத வைக்கிறார்: தாந்தே நெப்போலியனுக்காக எவ்வளவு உழைத்தான் என்று ஊதிப் பெருக்கிய மனு. ஆட்சி மாறியதும் விடுதலைக்கு எழுதிய அதே மனு குற்றச் சான்றாகிவிடுகிறது. பதினான்கு ஆண்டுச் சிறையை உறுதிப்படுத்தியது இதுதான். பொய்ப் புகாரை மட்டும் குற்றம் சொல்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

பணத்துக்கு ஓர் அளவுகோல்: 61-இல் வரும் தந்திக் கோபுர ஊழியருக்கு ஆண்டுச் சம்பளம் 1,000 பிராங்க். அவரை 25,000 பிராங்குக்கு வாங்கி ஒரு பொய்ச் செய்தி அனுப்ப வைத்து, வங்கியாளர் டாங்லாரைப் பங்குச்சந்தையில் கவிழ்க்கிறான் பிரபு. பிற்பாடு கொள்ளையரிடம் சிக்கிய டாங்லாரிடம் ஒரு கோழிக்கு 100,000 பிராங்க் கேட்கிறார்கள். அந்த ஊழியரின் நூறு ஆண்டுச் சம்பளம்.

நீதி பற்றி வாதிட விரும்புபவர்கள் ஒவ்வொரு எதிரிக்கும் எதிரே இரண்டு பத்தி போடுங்கள்: பிரபு செய்தது, அந்த ஆள் தானே செய்துகொண்டது. ஃபெர்னாண்டின் துரோகத்துக்கு, அதனால் தந்தையை இழந்த ஹைடி சாட்சி சொல்கிறாள். அவன் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறான். வில்ஃபோரின் கள்ளக் குழந்தையை உயிரோடு புதைத்தது வில்ஃபோரே. பிரபு அந்தப் பிள்ளையைப் பாரீசுக்கு வரவழைத்தான், அவ்வளவுதான். கை கறைபடாத நீதிபதி என்று அவன் தன்னை நினைத்துக்கொள்வது இதனால்தான். ஆனால் 52-ஆம் அத்தியாயத்தை வேகமாகப் புரட்டிவிடாதீர்கள். வில்ஃபோரின் மனைவியோடு விஷங்களைப் பற்றி நிதானமாக, பாடம் நடத்துவது போலப் பேசுகிறான் பிரபு. அவள் எதற்குக் கேட்கிறாள் என்று தெரியாத ஆள் அல்ல அவன். அந்தப் பேச்சு 111-இல் அவள் மகன், சிறுவன் எடுவாரின் பிணத்தில் வந்து முடிகிறது. எடுவாரை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?

கடைசி ஆறு அத்தியாயங்களை இந்தக் கேள்வியோடு படியுங்கள். எடுவாரைப் பார்த்த பிறகுதான் பிரபு ‘இது போதும், கடைசி ஆளைக் காப்பாற்றுவோம்’ என்கிறான். 113-இல் தன் பழைய சிறைக்கே போய், செய்தது சரிதானா என்று தேடுகிறான். பிறகுதான் டாங்லார் முறை. 5,050,000 பிராங்கோடு ஓடியவனிடம் மருத்துவமனைகளுக்குச் சேர வேண்டிய ஐம்பது லட்சம் பறிக்கப்பட்டு உரியவர்களிடம் போகிறது. மீதி 50,000 அவனுக்கே விடப்படுகிறது. இடது கையால் அந்தப் பொய்ப் புகாரை எழுதியவன் டாங்லார். மற்றவர்கள் செத்தும் பைத்தியமாகியும் போக, இவன் நரைத்த தலையோடு உயிர் பிழைக்கிறான். இது அநியாயம் என்று தோன்றினால், நோட்டில் அவன் பெயருக்கு எதிரே தண்டனையின் அளவை எழுதாமல் வரிசை எண்ணை எழுதிப் பாருங்கள். அவன் முறை எடுவாருக்கு அடுத்து வந்தது.