அருளா, பயிற்சியா? கவிதை எழுதத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழாவைப் பார்த்து வளரும் சேலத்துப் பிள்ளைகளுக்கு அருள் வருவது புதிய செய்தி அன்று. பம்பை அதிர, அதுவரை அமைதியாக நின்றவர் மீது சாமி இறங்கி வாக்குச் சொல்வதைக் கண்ணால் கண்டவர்கள், கவிதையும் அப்படித்தான் இறங்கும் என்று எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் அங்கே பம்பை அடிப்பவரின் கை பல ஆண்டுகள் பழகிய கை என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. என்னிடம் யாப்புப் படிக்க வரும் இளைஞர்களின் பக்தியை நான் ஒருநாளும் பழிக்கமாட்டேன். அதன் பெயரால் அவர்கள் உழைப்பைக் கைவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

புலவர்களைப் பற்றிய கதைகளை எழுதும் முறைக்கு வழிகாட்டியாகக் கொள்வது முதல் தவறு. திருவானைக்காவில் அம்பிகையின் தாம்பூலம் வாயில் விழக் காளமேகம் கவிபாடத் தொடங்கினார் என்றும், ஐந்து வயதுவரை பேசாதிருந்த குமரகுருபரர் திருச்செந்தூரில் வாய்திறந்து பாடினார் என்றும் மரபு சொல்கிறது. கதையை வணங்குவோம், பாட்டையும் பிரித்துப் பார்ப்போம். பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் வைக்கும் காளமேகம், 'நஞ்சிருக்கும் தோலுரிக்கும் நாதர்முடி மேலிருக்கும்' என்று தொடங்குகிறார். நஞ்சு பாம்புக்கு விடம், பழத்துக்கு நைந்து கனிந்த நிலை. தோல் உரிவது இரண்டுக்கும் பொது. பாம்பு சிவபெருமானின் முடியில் அணியாக இருக்க, பழம் அபிஷேகத்தின்போது அதே முடியில் ஏறுகிறது. இரண்டு பொருளும் இப்படி ஒன்றையொன்று இடிக்காமல் நடக்கும்போதே, முதற்சீரும் மூன்றாம் சீரும் மோனையால் இணைகின்றன. அடுத்த அடி 'வெஞ்சினத்தில்' என்று எதுகையோடு எழுகிறது. பழகாத நாவில் இது நிற்காது என்பது என் உறுதியான கருத்து.

எல்லாவற்றிலும் கேடு தருவது, 'தானாக வந்த வரி, தொட்டால் உயிர் போய்விடும்' என்று முதலில் எழுதிய வரைவைத் திருத்த மறுப்பது. ஏற்காட்டுக்குப் போய் வந்த ஒரு மாணவர், 'பனிபடர்ந்த மலைப்பாதை மிக அழகு' என்று எழுதிவந்து, அதை மாற்றக் கூடாது என்று வாதாடினார். அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது என்னதான் பார்த்தீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டபின், முன்னே சென்ற பேருந்தின் சிவப்பு விளக்கு மட்டும் மூடுபனிக்குள் தெரிந்து மறைந்ததைச் சொன்னார். அதுதான் கவிதை. முதலில் வந்தது, எல்லோர் நாவிலும் புழங்கித் தேய்ந்த தொடர்.

இதற்கு நேர் எதிராக, இலக்கணம் மட்டுமே போதும் என்று எண்ணும் தவறும் உண்டு. மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்று, ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் முறையான தளை தட்டாமல், ஈற்றுச்சீரை நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றால் முடித்துவிட்டால் வெண்பா கிடைக்கும். அதில் சொல்ல ஒன்றும் இல்லையென்றால் கவிதை கிடைக்காது.

'சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்' என்னும் ஔவையின் தனிப்பாடல், நட்பு, தயை, கொடை ஆகியவற்றையே பிறவிக் குணம் என்கிறது. தமிழைப் பழக்கத்தின் பக்கம் வைக்கிறது. (தகடூர், அதாவது இன்றைய தருமபுரிப் பகுதியின் அதியமானைப் பாடிய சங்க கால ஔவை வேறு, இவர் வேறு.) வடமொழியில் காவிய இலக்கணம் எழுதிய தண்டியோ, இயல்பான கற்பனைத்திறன், தெளிந்த கல்வி, சளைக்காத பயிற்சி ஆகிய மூன்றையும் கவிதைக்குக் காரணமாகச் சொல்லிவிட்டு, பிறவித்திறன் இல்லாதவரும் கல்வியாலும் முயற்சியாலும் சொல்லின் தெய்வமான வாக்தேவியை வழிபட்டால் அவள் ஏதேனும் ஓர் அருளைத் தந்தே தீருவாள் என்கிறார். அருளைப் பயிற்சிக்குப் பின்னே வைக்கும் இந்த வரிசையைத்தான் நான் நம்புகிறேன்.

பிறர் கவிதையைப் படித்தால் தன் குரல் கெடும் என்று அஞ்சுவோருக்கு ஒரு வேலை: நளவெண்பா பாடிய புகழேந்தியின் வெண்பாக்களில் நாளைக்கு ஒன்றை வாய்விட்டுப் படித்து, ஓசை பிடிபட்டபின் சீர்களை அசை பிரித்து அலகிட்டுப் பாருங்கள்.