மாமா என்றால் அங்கிள் இல்லை: தமிழ்க் கல்யாணமும் அமெரிக்க விசா நேர்காணலும்

அமெரிக்காவில் இருக்கும் கணவரோ மனைவியோ தன் துணையை அங்கே அழைத்துக்கொள்ள ஐ-130 மனு போட்டு, அது தேறி, தேசிய விசா மையத்துக்குக் காகிதங்களை ஏற்றி, டி.எஸ்-260 என்ற விசா விண்ணப்பப் படிவமும் நிரப்பி முடித்த பிறகு வருவது நேர்காணல். இந்தியாவில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் மும்பைத் துணைத் தூதரகத்தில் நடக்கும். மனு போட்டவர் கூட வரவேண்டியதில்லை. வலது கையை உயர்த்தி, சொல்வதெல்லாம் உண்மை என்று உறுதி சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றபடி பேச வேண்டும். பல நேரம் சில நிமிஷங்களில் முடிந்துவிடும்.

அதிகாரி பார்ப்பது இரண்டு விஷயம். இந்தக் கல்யாணம் சட்டப்படி செல்லுமா? கிரீன் கார்டுக்காகவே ஜோடித்ததா? பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம் என்பதால் யாரும் விசாவை மறுப்பதில்லை. இந்தியாவில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி அதைத் தினமும் பார்க்கிறார். “முன்னாடியே பழகினோம்” என்று சொன்னால் அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்துச் சேர்த்துச் சொல்வதுதான் ஆபத்து. மனுவில் வேறு இருக்கும், வாயில் வேறு வரும். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: வரன் யார் கொண்டுவந்தது, ஜாதகம் யார் பார்த்தது, பெண் பார்க்க எத்தனை பேர் வந்தார்கள், மாப்பிள்ளைக்கு எத்தனை நாள் லீவு. மூன்று வாரத்தில் கல்யாணம் முடிந்ததற்கு அந்த லீவுதான் காரணம் என்றால் அதையே சொல்லலாம். விமான டிக்கெட்டும் லீவுக் கடிதமும் அதற்குச் சாட்சி.

முதலில் தேதிகளைச் சரிசெய்யுங்கள்

நம் ஊரில் வரவேற்பு முந்தின நாள் சாயங்காலமே முடிந்துவிடும். தாலி மறுநாள் விடிகாலை. அமெரிக்க வழக்கத்தில் கல்யாணம் முடிந்துதான் வரவேற்பு. பத்திரிகையில் 10-ம் தேதி மாலை வரவேற்பு, 11-ம் தேதி காலை 4.30–6.00 முகூர்த்தம், பதிவுச் சான்றிதழில் 24-ம் தேதி கையெழுத்து என்று இருந்தால், ஒரே கல்யாணத்துக்கு மூன்று தேதி இருப்பது போலத் தெரியும். போதாக்குறைக்கு ஆவணி, தை என்று தமிழ் மாதம் வேறு.

படிவங்களில் ‘கல்யாணத் தேதி’ என்று கேட்கும் இடத்திலெல்லாம் தாலி கட்டிய தேதியைப் போடுங்கள். இந்த எடுத்துக்காட்டில் 11. சான்றிதழிலும் கல்யாண நாளும் பதிவு நாளும் தனித்தனியாக இருக்கும். ஐ-130-ல் ஒரு தேதி, டி.எஸ்-260-ல் இன்னொரு தேதி என்று போனால் அதையே சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள். பத்திரிகைக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வைக்கும்போது, “வரவேற்பு முந்தின நாள் மாலை நடப்பது வழக்கம்” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். தாமதக் கட்டணத்தோடு 150 நாள் வரை விடுவார்கள். மண்டப ரசீதும் கோயில் ரசீதும் கையில் இருக்கட்டும். புரோகிதர், அக்னி இல்லாத சுயமரியாதைத் திருமணம் என்றால் தயங்கவே வேண்டாம். இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவு 1968 முதல் தமிழ்நாட்டில் அதைச் செல்லும் என்கிறது. மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டதும் போதும். அதிகாரி ஐயர் எங்கே என்று போட்டோவில் தேடினால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

இன்னொரு பொறி கே-1 விசா. அது நிச்சயமான ஜோடிக்கு மட்டும். ‘பதிவுதானே பண்ணவில்லை’ என்று தாலியைக் கட்டிவிட்டுக் கே-1 போடுகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இந்துச் சட்டத்தில் சடங்கு முடிந்தாலே கல்யாணம். பதிவு அதற்கு அத்தாட்சி மட்டுமே. நிச்சயதார்த்தம் கல்யாணம் போலப் பெரிதாக நடந்திருந்தால், மாலையும் கழுத்துமாக எடுத்த போட்டோக்களும் இதே சந்தேகத்தைக் கிளப்பும். அதைத் தட்டு மாற்றியது மட்டும்தான் என்று தெளிவாக எழுதிவையுங்கள்.

உறவுமுறைச் சொற்கள்

நேர்காணலைத் தமிழில் வைத்துக்கொள்ள முடிந்தால், அங்கே இருப்பது மொழிபெயர்ப்பாளர். கணவரை மாமா என்றழைக்கும் வீட்டுப் பழக்கத்தில் “மாமா போன வருஷம் வந்துட்டுப் போனாங்க” என்று சொன்னால், அது ‘அங்கிள்’ ஆகி அந்தப் பக்கம் போய்ச்சேரும். அதிகாரி நிமிர்ந்து பார்ப்பார். ‘அத்தான்’, ‘மச்சான்’ எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ‘அண்ணன்’ இன்னும் மோசம்: பெரியப்பா பையனையும் அண்ணன் என்கிறோம். படிவத்தில் கணவருக்குக் கூடப்பிறந்தது ஒரு தங்கை மட்டும் என்று இருக்கும். நீங்கள் “அவங்க அண்ணன்தான் முன்னால நின்னு நடத்தினாரு” என்பீர்கள்.

இதற்கு ஒரே வழி, அங்கே நிற்கும் வரை ‘என் கணவர்’, ‘கணவரின் பெரியப்பா மகன்’ என்று நீட்டிச் சொல்வது. கணவர் பெயரை வாயால் சொல்லும் பழக்கம் இல்லாதவர்கள் ஒரு வாரம் முன்பிருந்தே சொல்லிப் பழக வேண்டும். முதல் கேள்வியே பெயர்தான். அங்கே தயங்கினால் தெரியாமல் தயங்குவது போல இருக்கும். ஒரு ஏ4 தாளில் இரண்டு குடும்பத்துக்கும் வம்ச மரம் வரைந்து, கூடப்பிறந்தவர்களை மட்டும் வேறு நிறத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கொடுக்க அல்ல, மனப்பாடத்துக்கு.

சொந்தத்துக்குள் கல்யாணம்

அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் முறைகளை இந்து திருமணச் சட்டம் தடைசெய்த உறவுப் பட்டியலில் வைத்திருந்தாலும், இரு பக்கமும் அந்த வழக்கம் இருந்தால் செல்லும் என்று 5-ம் பிரிவு விதிவிலக்குத் தருகிறது. கல்யாணம் நடந்த இடத்தில் செல்லுமா என்பதுதான் அமெரிக்கக் குடியேற்றத் துறையின் முதல் கேள்வி. ஆனால் அதோடு நிற்பதில்லை. குடியிருக்கப் போகும் மாநிலத்தின் சட்டத்தையும் பார்க்கும். கலிஃபோர்னியா, நியூயார்க், ஃபுளோரிடாவில் அத்தை–மாமன் மக்கள் கட்டிக்கொள்ளலாம். டெக்சாஸ், மிச்சிகன், பென்சில்வேனியாவில் கூடாது. தாய்மாமன் கல்யாணத்தைப் பெரும்பாலான மாநிலங்கள் குற்றமாகவே வைத்திருக்கின்றன.

ஆகவே இந்த முறையில் கட்டியவர்கள் ஐ-130 போடுவதற்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞரிடம் போய்விட வேண்டும். நேர்காணல் வரை காத்திருக்கக் கூடாது. உறவை மறைப்பது மட்டும் வேண்டாம். அது வேறு ஏதாவது காகிதம் வழியாக வெளியே வரலாம். பொய்த் தகவல் கொடுத்ததாக முடிவானால் அந்தத் தடை ஆயுள் முழுக்க நிற்கும்.

பெயரும் இனிஷியலும்

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் சொந்தப் பெயர் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று விழும். ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம் அது. பிறகு கிரீன் கார்டு, ஓட்டுநர் உரிமம் என்று எல்லாவற்றிலும் தொற்றிக்கொள்ளும். இனிஷியலை விரித்துப் பாஸ்போர்ட்டைத் திருத்துவதானால் மனுவுக்கு முன்பே திருத்துங்கள். சான்றிதழில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல் என்று இருந்தால் இரண்டும் ஒருவரே என்று நோட்டரி பிரமாணப் பத்திரம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

சேர்ந்து வாழ்ந்ததற்குச் சாட்சி

கல்யாணமான அடுத்த மாதம் பெண் அம்மா வீட்டில் இருந்திருந்தால், ஆடிக்கு அழைத்துப் போனது என்பதைச் சொல்லுங்கள். தலைப்பிரசவத்துக்குப் போனதும் அப்படித்தான். “கல்யாணத்துக்குப் பிறகு எங்கே இருந்தீர்கள்?” என்ற கேள்விக்கு “அம்மா வீட்டில்” என்று மட்டும் பதில் சொல்லி நிறுத்தினால், பிரிந்திருக்கிறார்கள் என்றே புரிந்துகொள்வார்கள்.

கூட்டு வங்கிக் கணக்கு இல்லையா? மாதாமாதம் அனுப்பிய பணத்தின் ரசீது, காப்பீட்டில் நாமினி பெயர், இந்தியா வந்துபோன பயண முத்திரைகள் எடுபடும். வாட்ஸ்அப் உரையாடல் மொத்தமும் வேண்டாம். மாதத்துக்கு ஒரு பக்கம், தேதி தெரியும்படி. போட்டோ 25 போதும். ஸ்டூடியோவில் கன்னத்தில் கைவைத்து எடுத்தது இரண்டுக்கு மேல் போகக் கூடாது. பந்தியில் உட்கார்ந்திருப்பது, இரண்டு பக்கப் பெற்றோரும் சேர்ந்து நிற்பது, மறுவீட்டுக்குப் போனது என்று வேறு வேறு நாள், வேறு வேறு உடை. ஒவ்வொன்றின் பின்னும் தேதி, இடம், யார் யார் என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

முன்பு கல்யாணமாகிப் பிரிந்தவர்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் அத்துவிட்ட காகிதத்தை நம்பிப் போக வேண்டாம். நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டும்.

கையில் மஞ்சள், வெள்ளை என்று ஏதாவது ஒரு சீட்டில் 221(ஜி) என்று கொடுத்தால் மனம் உடைய வேண்டியதில்லை. பெரும்பாலும் ஏதோ ஒரு காகிதம் குறைகிறது என்று அர்த்தம். சீட்டில் குறியிட்டதை மட்டும், சொன்ன வழியில் அனுப்புங்கள். கேட்காத நூறு பக்கத்தைச் சேர்த்து அனுப்பினால் கேட்ட ஒரு பக்கம் அதில் தொலைந்துபோகும்.

விசா குத்தி வந்ததும் டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு கணக்குப் பாருங்கள். அமெரிக்காவுக்குள் நுழையும் நாளில் கல்யாணமாகி 2 வருஷம் ஆகவில்லை என்றால் 2 வருஷக் கிரீன் கார்டுதான். அது காலாவதியாகும் முன் கடைசி 90 நாளில் ஐ-751 என்ற மனு போட்டு, கல்யாணத்தை மறுபடி நிரூபிக்க வேண்டும். 2 வருஷம் தாண்டியிருந்தால் 10 வருஷக் கார்டு. இரண்டாவது கல்யாண நாளுக்குப் பத்துப் பதினைந்து நாள்தான் பாக்கி, விசா அதுவரை செல்லும் என்றால், பயணத்தைத் தள்ளிப் போட்டு, விமான நிலைய அதிகாரியிடம் தேதியைச் சுட்டிக்காட்டுங்கள். கணக்கு தொடங்குவது தாலி கட்டிய அந்த 11-ம் தேதியிலிருந்து.