எலெக்ட்ரான் கற்றை எழுப்பும் அலைகள்: தரவைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூமியின் காந்தப்புலம் ஆளும் விண்வெளிப் பகுதியான காந்தக்கோளத்தின் தரவைப் புதிதாகக் கையில் எடுக்கும் மாணவர்கள், நான் செய்த அதே தவறுகளைச் செய்வதைப் பார்க்கிறேன். அலகுப் பிழைகளைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவை ஒரே நாளில் பிடிபட்டுவிடும்.

நிறமாலையை மட்டும் நம்புவது

எனக்கு இன்னும் எரிச்சல் தரும் தவறு இதுதான். எலெக்ட்ரான் கற்றை பாயும் பிளாஸ்மாவில் (மின்னேற்றத் துகள்களாலான வாயுவில்), அலையைவிடச் சற்று வேகமான எலெக்ட்ரான்கள் சற்று மெதுவானவற்றைவிட அதிகமாக இருந்தால் அலை வளரும். நன்றாக வளர்ந்தபின் அதுவே எலெக்ட்ரான்களைச் சிறைபிடிக்கும். கடைசியில் எலெக்ட்ரான் துளைகள் எனப்படும் தனித்தனித் துடிப்புகள் மிஞ்சும். அப்படி ஒன்று செயற்கைக்கோளைக் கடக்கும்போது மின்புலம் ஒரு பக்கம் எகிறி, உடனே மறுபக்கம் சாய்ந்து அடங்கும். எல்லாம் சில மில்லிவினாடிக்குள். இவ்வளவு குறுகிய துடிப்பை அதிர்வெண்களாகப் பிரித்து நிறமாலை தரும் ஃபூரியர் மாற்றத்தில் போட்டால், ஆற்றல் அகன்ற அதிர்வெண் பரப்பில் சிதறித் தெரியும்.

காந்தக்கோளம் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீளும் காந்தவாலில் 1970களிலிருந்து 'அகன்ற இரைச்சல்' என்று பதிவானதன் உள்ளே இருந்தது இதுதான். 1992இல் ஏவப்பட்ட ஜியோடெயில் செயற்கைக்கோள் அலைவடிவத்தையே (நேரத்தோடு மின்புலம் மாறும் விதத்தையே) பதிவுசெய்தது; அதை வைத்து மட்சுமோட்டோ குழுவினர் 1994இல் இந்த விளக்கத்தைக் காட்டினார்கள்.

இதைப் படித்திருந்தும் நான் சறுக்கினேன். ஒரு இரைச்சல் பட்டையைப் பல அலைகளின் கூட்டு என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் வளர்ச்சி வீதம் கணக்கிட்டேன். ஏழு மாதம் போனது. உடன் வேலை பார்த்தவர் "நூறு மில்லிவினாடி அலைவடிவத்தை வரைந்து காட்டுங்கள்" என்றார். வரைந்தேன், வரிசையாகத் துடிப்புகள். ஆய்வேட்டில் அந்த அத்தியாயத்தை முழுசாக நீக்க வேண்டியதாயிற்று. 2015இல் ஏவப்பட்ட, நாசாவின் எம்எம்எஸ் விண்கலங்கள் நான்கின் அலைவடிவத் தரவு இன்று எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. ஒரு துடிப்பு கலத்துக்குக் கலம் வந்துசேரும் நேர வித்தியாசத்திலிருந்து அதன் வேகத்தையும் அகலத்தையும்கூட எடுக்கலாம். அப்படியிருந்தும் நிறமாலைப் படத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

மேடு தெரியவில்லை, அதனால் கற்றை இல்லை என்பது

கற்றை இருந்தால் எலெக்ட்ரான் பரவலில், அதாவது எந்த வேகத்தில் எத்தனை எலெக்ட்ரான்கள் என்ற வரைவில், ஒரு மேடு தெரிய வேண்டும். ஆனால் எம்எம்எஸ் ஒரு பரவலை அளக்க 30 மில்லிவினாடி ஆகும். கன சென்டிமீட்டருக்கு ஒரு எலெக்ட்ரான் இருந்தால் எலெக்ட்ரான்கள் இயல்பாக ஊசலாடும் பிளாஸ்மா அதிர்வெண் சுமார் 9 கிலோஹெர்ட்ஸ்; அதாவது, ஒரு அளவீடு முடிவதற்குள் 270 அலைவுகள் ஓடிவிடும். கற்றையின் மேட்டை அலை அதற்குள் தட்டையாக்கியிருக்கக்கூடும். அந்தத் தட்டையைத் தேடுங்கள்.

சில எலெக்ட்ரான்வோல்ட்டில் 'கற்றை'

இவ்வளவு குறைந்த ஆற்றலில் கற்றைபோல் தெரிவது பெரும்பாலும் கலத்தின் மேல் வெயில் பட்டுக் கிளம்பும் ஒளி எலெக்ட்ரான்கள். கலத்தின் மின்னழுத்தத்தை முதலில் பாருங்கள்.

காந்தப்புலத் திசையை மறப்பது

மின்புலத்தைக் காந்தப்புலத்துக்கு இணையாக, செங்குத்தாக என்று பிரியுங்கள். அப்புறம் அலைக்குப் பெயர் வைக்கலாம்.