மோப்ப நாய் நின்ற வாசல்: காவல்துறை நாய்கள் வரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு கொலையோ கொள்ளையோ நடந்தால், மறுநாள் செய்தித்தாளில் ஒரு வரி தவறாமல் இடம்பெறும்: மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது, சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை. அந்த நாய் ஓர் இளைஞனின் வீட்டு வாசலில் நின்றுவிட்டாலோ, நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுப்பதற்கு முன்பே தெரு தீர்ப்பு எழுதிவிடுகிறது. வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொல்கிறார். வேலை கொடுத்தவர் நாளை முதல் வர வேண்டாம் என்கிறார். நாய் ஒருவரைக் காட்டிவிட்டால் குற்றம் நிரூபணமாகிவிட்டது என்ற இந்த எண்ணம்தான் எல்லாத் தவறுகளிலும் பெரியது. அதிகம் பேரை அழிப்பதும் அதுவே.

உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி அரை நூற்றாண்டுக்கு முன்பே பேசிவிட்டது. ரயில் தடம் புரளச் செய்யப்பட்டது தொடர்பான அப்துல் ரசாக் முர்தசா தபேதார் வழக்கில், 1969-ஆம் ஆண்டு, நாயின் சாட்சியத்துக்கு எதிரான அடிப்படை ஆட்சேபங்களை நீதிமன்றம் எடுத்துரைத்தது. நாய் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்ய முடியாது. அதைக் குறுக்கு விசாரணை செய்யவும் முடியாது. அதை நடத்தி வந்த காவலர்தான் அதன் சார்பில் பேச வேண்டியிருக்கிறது. அதனால் அது பிறர் சொல்லக் கேட்ட சாட்சியத்தின் தன்மையைப் பெறுகிறது. ஒரு மனிதனின் உயிரும் சுதந்திரமும் ஒரு நாயின் ஊகத்தைச் சார்ந்திருக்கலாகாது என்ற கவலையும் அங்கே பதிவாகியுள்ளது. 2001-இல் ஆந்திரத்திலிருந்து வந்த கதே லட்சுமி மங்கராஜு வழக்கில் நீதிமன்றம் இன்னும் தெளிவாகக் கோடு கிழித்தது: புலனாய்வில் நாயின் திறனைப் பயன்படுத்திப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் தீர்ப்பு வழங்கும் பணி அதை நம்பி நடக்க முடியாது. 2008-இல் அசாமைச் சேர்ந்த தினேஷ் பர்தாகுர் வழக்கிலும், இத்தகைய சாட்சியம் ஏற்கப்பட்டாலும் சாதாரணமாக அதற்குப் பெரிய எடை இல்லை என்ற நிலையே உறுதிசெய்யப்பட்டது.

இந்த எச்சரிக்கைக்கான காரணத்தை வடசென்னையில் வாழ்பவர்கள் எளிதில் உணரலாம். வாடை நேரம் செல்லச் செல்ல மங்கும். வெயிலும் மழையும் மனித நடமாட்டமும் அதைக் கலைக்கும். காசிமேட்டின் குறுகிய சந்துகளிலோ, ஒரே தளத்தில் பல குடும்பங்கள் ஒரே நடைவழியைப் பயன்படுத்தும் ஹவுசிங் போர்டு குடியிருப்பிலோ, சம்பவம் நடந்து பல மணி நேரம் கழித்து நாய் ஒரு கதவருகே நின்றால், அது அந்த வீட்டைக் காட்டியதா, அடுத்த வீட்டைக் காட்டியதா, படிக்கட்டில் ஏறிப் போன ஒருவரைத் தொடர்ந்து வந்து தடம் தவறியதா என்பதை நாயிடம் கேட்க வழியில்லை. மேலும், இறந்தவரின் கணவரோ அண்டை வீட்டாரோ அந்த இடத்தில் ஏற்கெனவே புழங்கியவர் என்றால், அவருடைய வாடை அங்கே இருப்பதில் வியப்பே இல்லை. 1993-இல் முடிவான சுரீந்தர் பால் ஜெயின் வழக்கில், நாய்கள் கணவரைக் காட்டியதே தவறான சந்தேகத்துக்கு இட்டுச் சென்றிருக்கக்கூடும் என்று கூறி உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆகவே உங்கள் வழக்கறிஞர் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: நாய்க்கு எந்தப் பொருளை மோப்பம் காட்டினார்கள், அதை அதற்கு முன் யார் யார் தொட்டார்கள், சம்பவத்துக்கும் நாய் வந்ததற்கும் இடையே எவ்வளவு நேரம், கூட்டம் எவ்வளவு நின்றது, நாயை நடத்திய காவலர் சாட்சி சொல்ல வந்தாரா, அவர் அன்றே எழுதிய குறிப்பு எங்கே. கூட்டம் என்று சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சம்பவ இடத்தைச் சூழ்ந்து நின்று கைப்பேசியில் படம் பிடிப்பவர்கள் உண்மையான குற்றவாளியின் தடத்தையும் மிதித்து அழிக்கிறார்கள். அதன் சுமை பிறகு ஒரு நிரபராதியின் தலையில் இறங்கக்கூடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. நாய் சாட்சி செல்லாது என்று எங்கோ கேட்டுவிட்டு, இனி வழக்கே நிற்காது என்று அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். நாய் காட்டியதன் பேரில் காவல்துறை உங்களை விசாரிப்பது சட்டவிரோதம் அல்ல. நாயைப் பின்தொடர்ந்து போய்த் திருடுபோன நகையையோ ஆயுதத்தையோ கைப்பற்றினால், அந்தப் பொருளும் கைரேகையும் மற்றச் சாட்சிகளும் தத்தம் பலத்தில் நிற்கும். மேலே சொன்ன 1969 வழக்கிலேயே, மற்ற ஆதாரங்களைக் கொண்டு தண்டனை உறுதியானது.

புளியந்தோப்பு, ஓட்டேரி பக்கம் கஞ்சா சோதனைக்கு நாயுடன் காவல்துறை வரும்போது, சில இளைஞர்கள் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு அங்குள்ள விதியை இங்கே பேசுகிறார்கள். வாரண்ட் இல்லாமல் வீட்டு வாசலுக்குப் போதைப்பொருள் நாயைக் கொண்டுவந்து துப்பு துலக்குவதே ஒரு சோதனைதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013-இல், ஜார்டைன்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது உண்மை. அது அந்த நாட்டு அரசியல் சாசனத்தின் மீது எழுந்த தீர்ப்பு. நம் நாட்டில், பூரண்மல் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னபடி, சோதனை முறைப்படி நடக்கவில்லை என்பதால் மட்டும் அதில் கிடைத்த பொருள் சாட்சியத்திலிருந்து விலக்கப்படாது. ஆனால் இங்கே நமக்கு வேறு பாதுகாப்புகள் உள்ளன, அவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 185-ஆம் பிரிவின்படி, வாரண்ட் இன்றிச் சோதனையிடும் புலனாய்வு அதிகாரி அதற்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். 103-ஆம் பிரிவின்படி, அப்பகுதியைச் சேர்ந்த, வழக்கில் தொடர்பில்லாத இருவராவது சாட்சியாக இருக்க வேண்டும், வீட்டில் இருப்பவர் உடனிருக்க அனுமதிக்கப்பட வேண்டும், கைப்பற்றிய பொருட்களின் பட்டியல் நகலை அவருக்குத் தர வேண்டும். 105-ஆம் பிரிவு முழுச் சோதனையையும் ஒலி, ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுவதும், பட்டியலின் நகலை வாங்காமல் விட்டுவிடுவதும் பின்னால் ஈடுசெய்ய முடியாத இழப்புகள்.

பேசின் பிரிட்ஜ் ரயில் நிலையத்தில் நாய் உங்கள் பையருகே உட்கார்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பையைச் சோதிப்பதும் உடலைச் சோதிப்பதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி, உடலைச் சோதிக்கும் முன், கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமை உங்களுக்கு இருப்பதை அதிகாரி தெரிவிக்க வேண்டும். இதைச் செய்யாமல் உடலிலிருந்து எடுத்த பொருளைக் கொண்டு தண்டிக்க முடியாது என்பதை 1999-இல் பல்தேவ் சிங் வழக்கும், 2010-இல் விஜய்சிங் ஜடேஜா வழக்கும் நிலைநாட்டின. கைப்பைக்கு இந்தப் பாதுகாப்பு நீளாது. பெண்ணின் உடலைப் பெண்தான் சோதிக்க வேண்டும்.

நாயைக் காட்டி மிரட்டி, ஒப்புக்கொள் என்று அதட்டினால் பயத்தில் தலையாட்டிவிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் நீங்கள் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்த அளவுக்கு அது ஏற்கப்படும். ஆகவே, பயந்து எதையாவது சொல்லித் தப்பிக்கலாம் என்று எண்ணாதீர்கள். வழக்கறிஞரைச் சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள். கைதின்போது, தப்பி ஓடாமல் தடுக்கத் தேவையானதற்கு மேல் கட்டுப்பாடு கூடாது என்பது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 46-ஆம் பிரிவு. அடங்கி நிற்பவர் மீது நாயை ஏவுவதை அது எவ்வகையிலும் அனுமதிக்காது. வாக்குமூலம் பெறுவதற்காகக் காயம் விளைவிப்பது தனிக் குற்றம்.

நாய் கடித்துவிட்டால் வீட்டிலேயே மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். எப்படிக் கடிபட்டது, யார் பிடியில் இருந்த நாய் என்பதை மருத்துவரிடம் உள்ளபடி சொல்லி, விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் செய்து, அந்தப் பதிவின் நகலை (ஏ.ஆர். காப்பி) கேட்டு வாங்குங்கள். தெருநாய் கடித்தது என்று சொல்லும்படி யார் வற்புறுத்தினாலும் இணங்காதீர்கள். கைதாகியிருந்தால், மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது காயத்தை அவரிடம் காட்டிச் சொல்லுங்கள். அதேபோல், நாயை அடிப்பதோ கல்லெறிவதோ கூடாது. அந்த உயிர் தனக்குக் கற்பித்ததைச் செய்கிறது, அதற்குக் காயம் ஏற்படுத்தினால் உங்கள் மீது புது வழக்கு வரும்.

பணமில்லை என்பதால் வழக்கறிஞர் வைக்காமல் இருப்பதும் தவிர்க்க வேண்டியதே. காவலில் இருப்பவர்கள், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி இலவச வழக்கறிஞர் உண்டு. பாரிமுனை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் அனுப்புவதென்றால், சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் அனுப்பிவிட வேண்டும்.