கலர் போட்ட பழைய ஹெவிவெயிட் குத்துச்சண்டைகள்: பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பயிற்சிக்கூடத்துப் பையன்கள் இப்போது ஓய்வு நேரத்தில் பார்ப்பதெல்லாம், கறுப்பு வெள்ளையில் எடுத்துக் கணினியால் கலர் போட்ட பழைய குத்துச்சண்டைப் படங்கள்தான். ஜாக் ஜான்சன், டெம்ப்சி, ஜோ லூயிஸ் என்று அந்தக் கால ஹெவிவெயிட் சாம்பியன்கள். பார்க்கட்டும், நல்லதுதான். ஆனால் அந்த வயதில் நான் நம்பிய அதே கதைகளை அவர்களும் தூக்கிக்கொண்டு வந்தால் சும்மா இருக்க முடியவில்லை. சின்னத் திரை, மங்கல் பிரதி போன்ற தெரிந்த சங்கதிகளை விட்டுவிடுகிறேன்.

ஓடுகிற வேகத்தை நம்புவது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் தருவது. ஊமைப்பட காலத்துக் கேமராவைப் பெரும்பாலும் கையால் சுற்றினார்கள். விநாடிக்குச் சுமார் 16 ஃப்ரேம், அதுவும் சீராக இருக்காது. அதை 24-இல் ஓட்டினால் எல்லாரும் ஒன்றரை மடங்கு வேகத்தில் பறப்பார்கள். கலர் போடுகிறவர் அப்புறம் அதை 60 ஃப்ரேமாக்குகிறார். ஒரு நல்ல ஜாப் (முன் கையால் நேராக விடும் குத்து) போய்ச் சேர்வதே அசலில் இரண்டு மூன்று ஃப்ரேம்தான். நடுவில் தெரிவதெல்லாம் கணினி இட்டு நிரப்பியது. நிறுத்திப் பாருங்கள், கையுறை வெல்லப்பாகு மாதிரி இழுபடும். அதை வைத்து மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது என்று பாடம் படிக்கிறார்கள்!

1919 ஜூலை 4, அமெரிக்காவின் டொலிடோ நகரம். முதல் ரவுண்டிலேயே டெம்ப்சி அப்போதைய சாம்பியன் வில்லார்டை ஏழு முறை சாய்த்த சண்டை. அதன் கலர் துண்டைப் பார்த்துவிட்டு ஒரு பையன் அதே வேகத்தில் குனிந்து நெளிந்து அடிக்கப் பழகி, முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தான். உட்கார வைத்து ஸ்டாப்வாட்ச்சைக் கையில் கொடுத்தேன். ரவுண்ட் என்றால் மூன்று நிமிடம். வெட்டு இல்லாத ஒரு ரவுண்டைப் பெல்லிலிருந்து பெல் வரை அளந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இரண்டு நிமிடத்தில் முடிந்தால் ஒன்றரை மடங்கு ஓடுகிறது. வேகத்தை இறக்கியதும்தான், விழுந்தவன் எழும் இடத்திலேயே டெம்ப்சி காத்து நிற்பது அவன் கண்ணில் பட்டது. விழுத்தியவர் ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற விதி அந்தச் சண்டையில் இல்லை. மின்னல் வேகம் என்று அவன் நினைத்ததில் பாதி, பக்கத்திலேயே நின்றதால் வந்தது.

1927-இல் சிகாகோவில் டெம்ப்சியும் டன்னியும் மோதிய சண்டை இன்னும் மோசம். ஏழாவது ரவுண்டில் டன்னி விழுந்தார். பத்து எண்ணுவதற்குள் எழாவிட்டால் தோல்வி. விழுத்தியவர் நியூட்ரல் கார்னருக்கு, அதாவது யாருக்கும் சொந்தமில்லாத மூலைக்கு, ஒதுங்க வேண்டும் என்ற விதி இதில் இருந்தது. டெம்ப்சி அங்கே போகத் தாமதித்ததால் நடுவர் எண்ணத் தொடங்கியதும் தாமதமாயிற்று. டன்னி ஒன்பதில் எழுந்தார், ஆனால் தரையில் இருந்தது சுமார் 14 விநாடி. விநாடிக்கு 18 ஃப்ரேமில் எடுத்த படத்தை 24-இல் ஓட்டினால் அந்த 14 பத்தரையாகச் சுருங்கிவிடும். அப்படி ஓடுகிற துண்டைக் காட்டி, "இதுக்கா சார் இவ்வளவு சண்டை?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்ல?

நிறத்தைச் சாட்சியாக்குவது

ஊமைப்பட காலத்து ஃபிலிமுக்குப் பெரும்பாலும் சிவப்பு தெரியாது, கறுப்பாகப் பதியும். நீலம் வெளுத்துவிடும். கணினிக்குக் கிடைப்பது சாம்பல் நிறம் மட்டும், மீதி ஊகம். ரத்தம் நிழலாகிவிடுகிறது. ஒரே ஷார்ட்ஸ் ஒருவர் பதிப்பில் பச்சை, இன்னொருவர் பதிப்பில் நீலம். வில்லார்ட் சண்டையில் டெம்ப்சியின் கையுறைக்குள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இருந்தது என்ற கதை, அவருடைய பழைய மேனேஜர் கியர்ன்ஸ் இறந்தபின் 1964-இல் அவர் பெயரில் பத்திரிகையில் வந்தது. டெம்ப்சி மறுத்தார். கலர் பிரதியில் தெரியும் வெள்ளைத் திட்டை வைத்து அதற்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

சத்தம்

ஜான்சன், டெம்ப்சி சண்டைகளெல்லாம் ஊமைப் படம். அவற்றில் அடி விழும் ஓசை முழுக்கப் பிற்பாடு ஒட்டியது.

அகலத்திரைக்கு வெட்டிய பிரதி

மேலும் கீழும் வெட்டியதில் கால் தெரியவில்லையா? வீடியோவை மூடிவிடுங்கள்.

துண்டை முழுச் சண்டை என்று நினைப்பது

1910-இல் அமெரிக்காவின் ரெனோ நகரில் ஜான்சன் ஜெஃப்ரீஸைப் பதினைந்தாவது ரவுண்டில்தான் முடித்தார். கலர் துண்டுகளில் கிடைப்பது கடைசி விழுதல்கள். ஜான்சனின் வெற்றிகளுக்குப் பிறகு, 1912-இல் சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோக அமெரிக்காவில் தடை வந்து 1940 வரை நீடித்தது. கிடைக்கும் பிரதிகள் அடிபட்டவை என்பது சரிதான். ஆனாலும் கறுப்பு வெள்ளையில் நீளமான பதிப்புகள் இருக்கின்றன. கலர் போடுகிறவர்கள் 'போரடிக்கிறது' என்று வெட்டும் கிளிஞ்ச்களை (இருவரும் கட்டிப்பிடித்து நிற்கும் இடங்களை) அதில் பாருங்கள். எதிராளியின் கை மடிப்பில் உள்ளங்கையை வைத்து, அடி கிளம்பும் முன்பே ஜான்சன் அடைப்பார். அடைத்த கையாலேயே அப்பர்கட் (கீழிருந்து மேலே விடும் குத்து) வரும். பையன்களுக்கு நான் போட்டுக் காட்டுவது அந்த இடத்தைத்தான்.