மனசு பாரமாக இருக்கிறதா? ஐந்து வக்துத் தொழுகையில் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்

"உனக்கு ஈமான் (இறைநம்பிக்கை) குறைஞ்சு போச்சு, அதான் இப்படி." அத்தா மவுத்தான (இறந்த) பிறகு தூக்கம் போய், சோறு இறங்காமல் கிடந்த மாதங்களில் நான் அதிகம் கேட்டது இதைத்தான். சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் யஅகூப் நபி மகனை நினைத்து அழுது அழுது கண்ணே வெளுத்துப் போனதாகக் குர்ஆனின் சூரா யூஸுஃப் (யூஸுஃப் அத்தியாயம்) சொல்கிறது. அவருக்கு ஈமான் குறைவா? நபி (ஸல்) அவர்களின் மனைவி கதீஜா நாயகியும், தந்தையின் சகோதரர் அபூதாலிபும் அடுத்தடுத்து மறைந்த வருடத்துக்கே துக்க ஆண்டு என்றுதான் பெயர். அதனால் குற்ற உணர்ச்சியை முதலில் இறக்கி வையுங்கள். பிறகு கீழே உள்ளவற்றைப் பார்க்கலாம்.

படி 1: ஒரு வக்து, ஒரு பழக்கம்

எல்லோரும் செய்யும் தப்பு, முதல் நாளே பெரிய அட்டவணை போடுவது. தஹஜ்ஜுத் (பின்னிரவுத் தொழுகை), தினம் ஒரு ஜுஸ்உ (குர்ஆனின் முப்பதில் ஒரு பாகம்), ஒரு மணி நேர நடை. நாலாம் நாள் எல்லாம் கலைந்துவிடும், "நம்மால் எதுவும் முடியாது" என்ற நினைப்பு மட்டும் மிஞ்சும். கொஞ்சமாக இருந்தாலும் விடாமல் செய்யும் அமல்தான் (நற்செயல்தான்) அல்லாஹ்வுக்கு மிகவும் பிடித்தது என்று புகாரி தொகுப்பில் ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. ஐந்து வக்தும் ஏற்கெனவே நம் நாளில் அடித்து வைத்த ஆணிகள். புதுப் பழக்கத்தை அதில் ஒன்றில் மாட்டிவிடுங்கள். இரண்டு வாரம் அது மட்டும் போதும்.

தொழுகை இல்லாத நாட்களில் பெண்களுக்கு இந்த ஆணி கழன்றுவிடும். பாங்கு கேட்டதும் அதே இடத்தில் தஸ்பீஹ் மணியை எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள். பழக்கம் அறுந்துபோகாது.

படி 2: இஷாவுக்குப் (இரவுத் தொழுகைக்கு) பிறகு ஃபோனுக்கு விடுமுறை

எனக்கு மிகவும் கைகொடுத்தது இதுதான். இஷாவுக்கு முன் தூங்குவதையும், இஷாவுக்குப் பின் வெட்டிப்பேச்சையும் நபி (ஸல்) விரும்பியதில்லை. அந்தப் பேச்சு இன்று ஃபோனுக்குள் குடியேறிவிட்டது. சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து பிடுங்கி, அடுப்படியில் அரிசி டப்பா பக்கத்தில் மாட்டினேன். முதல் மூன்று இரவும் கை தானாகத் தலையணைக்கு அடியில் துழாவியது. நாலாவது இரவு துழாவவில்லை. "அலாரத்துக்கு ஃபோன் வேணுமே" என்றால், ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வாங்குங்கள்.

படுத்ததும் இரு கைகளையும் சேர்த்து, இக்லாஸ், ஃபலக், நாஸ் மூன்று சூராக்களையும் ஓதி ஊதி, தலையிலிருந்து உடம்பு முழுக்க, கை எட்டும் வரை தடவுங்கள். மூன்று தடவை. சின்ன வயதில் உம்மா நமக்குச் செய்ததுதான்.

படி 3: ஒளுவை (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவதை) அவசரமில்லாமல்

தண்ணீர் முழங்கையில் வழிவதை, முகத்தில் குளிர்ந்து படுவதைக் கவனித்துச் செய்யுங்கள். ஓடிக்கொண்டே இருக்கும் மனசு அந்த ஒரு நிமிடம் உடம்புக்குள் திரும்பி வரும்.

ஒரு எச்சரிக்கை. "கை சரியாக நனைந்ததா, நிய்யத் (மனதில் எண்ணம்) வைத்தோமா" என்று திரும்பத் திரும்பச் செய்தும் சந்தேகம் தீரவில்லை என்றால், அது பேணுதல் இல்லை. அதை வஸ்வாஸ் என்போம், மருத்துவர்கள் ஓசிடி என்பார்கள். சிகிச்சை இருக்கிறது. இப்படி விடாமல் துரத்தும் எண்ணங்களை ஒரு நோய்நிலையாகவே, ஆயிரம் வருடத்துக்கு முன்பே அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர் தன் நூலில் எழுதி வைத்திருக்கிறார்.

படி 4: அஸர் (பிற்பகல் தொழுகை) முடிந்து இருபது நிமிடம்

நடங்கள். தெருவில் முடியாவிட்டால் மொட்டை மாடி. சாப்பாடு இறங்காத நாளில் தல்பீனா செய்து பாருங்கள். துக்க வீட்டாருக்கு ஆயிஷா நாயகி செய்யச் சொன்ன பார்லிக் கஞ்சி அது. இரண்டு ஸ்பூன் பார்லி மாவை ஒரு டம்ளர் பாலில் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் பத்து நிமிடம் கிளறி, ஆறியதும் தேன் விட்டால் சரி. நோன்புக் கஞ்சியில் வளர்ந்த நாக்குக்கு முதலில் சப்பென்றுதான் இருக்கும்.

படி 5: மஃரிபுக்குப் (சூரியன் மறைந்ததும் தொழுவது) பின் ஒரு தாள்

"அல்லாஹும்ம இன்னீ அஊது பிக மினல் ஹம்மி வல் ஹஸன்" என்று தொடங்கும் துஆ (பிரார்த்தனை) பலருக்கு மனப்பாடம். ஹம்மு என்பது வரப்போவதைப் பற்றிய கவலை, ஹஸன் நடந்து முடிந்ததன் துக்கம் என்று விளக்குவார்கள். தாளின் நடுவே கோடு போட்டு இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். ஹம்மு பக்கத்தில், நாளைக்கே கைவைக்கக்கூடிய ஒன்றுக்கு வட்டம் போடுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தானே தவக்குல் (அல்லாஹ்விடம் பொறுப்பை விடுவது)? ஹஸன் பக்கத்துக்கு வட்டம் எதுவும் வேண்டாம். அதை முஸல்லாவில் (தொழுகை விரிப்பில்) அழுது தீர்க்கலாம்.

படி 6: மருத்துவரிடம் போவது

மனச்சோர்வு, எதிலும் பிடிப்பில்லாமை, தூக்கக் கோளாறு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மேலே சொன்னது மட்டும் போதாது. ஓதிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே வடு இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், மனநோய் தீரும் என்று பலர் தேடிவரும் தர்கா ஊரில் நடந்த ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியில்லாமல் இறந்தார்கள். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று போட்டியில்லை.

இந்தியாவில் டெலி மனாஸ் (மனநல உதவி) எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். இலங்கையில் 1926. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இப்போதே அழையுங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரமலானில் தானாக நிறுத்தவோ நேரம் மாற்றவோ கூடாது. குறிப்பாக லித்தியம் எடுப்பவர்களுக்கு, உடம்பில் நீர் வற்றினால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறி ஆபத்தாகலாம். நோயாளிக்கு நோன்பில் சலுகை குர்ஆனிலேயே இருக்கிறது. பிறை பார்த்த பிறகு ஓடாமல், ரமலானுக்கு முந்தைய மாதமான ஷஃபானிலேயே மருத்துவரைப் பார்த்துப் பேசிவிடுங்கள்.