நமக்குரிய மதிப்பெண்ணைப் புத்தகத்துக்குப் போட்டுவிடுவது

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடத் தண்டையார்பேட்டையில் ஆள் கிடைப்பதே அதிசயம் என்றிருந்த காலம் போய்விட்டது. எங்கள் மொட்டைமாடி அறையில் இப்போது நாற்காலி பற்றவில்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள். நான்கு ஆட்டம் ஆடியதுமே, “இந்தச் சாகசத்தை வாங்கலாமா, வேண்டாமா” என்று மதிப்புரை எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். எழுதட்டும், நல்லதுதான். ஆனால் எங்கள் தலைமுறை செய்த தவறுகளை வரிசை மாறாமல் அவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருக்க முடியவில்லை.

ஆட்டம் அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த மேசையாட்டம் இது. ஒருவர் நடத்துவார், அவர்தான் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, என்ன செய்கிறோம் என்பதை வாயால் சொல்வார்கள். முடிவு நிச்சயமில்லாத இடத்தில் இருபது முகப் பகடை உருளும். சாகசம் என்பது டி.எம். கையில் இருக்கும் புத்தகம். இடம், ஆட்கள், அரக்கர்கள், வரைபடம் எல்லாம் அதில் இருக்கும். தொடக்கநிலைச் சாகசம் என்றால் ஆடுகிறவர்கள் மட்டுமல்ல, நடத்துகிறவரும் புதியவர் என்று பொருள். இந்த இரண்டாவது ஆளைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

எழுத்துப்பிழை எண்ணுவது, ஆடாமலே எழுதுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தவறு என்று சொல்ல நான் தேவையில்லை.

வரைபடம்

அழகாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். வரைபடத்தில் இருக்கும் அறை எண்ணும் உள்ளே இருக்கும் விளக்கமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

ஓட்டையை அடைத்துவிட்டு, ஓட்டையே இல்லை என்று எழுதுவது

எங்கள் குழுவில் ஒரு தம்பி இருக்கிறார். ஆட்டம் நடத்துவதில் கெட்டிக்காரர். காசிமேட்டில் மீன் ஏலம் விடுபவரின் குரலை அப்படியே தொண்டையில் கொண்டுவருவார். ஒருமுறை ஒரு முதல்நிலைச் சாகசத்தை நடத்தினார். மலையடிவாரக் கிராமத்தில் ஆடுகள் காணாமல் போகின்றன, குகையில் காப்ளின்கள் என்னும் குட்டி அரக்கர்கள் இருக்கின்றன. அவ்வளவுதான் கதை. ஆனால் ஆட்டம் களைகட்டியது. அந்தக் கிராமத்துச் சாராயக்கடையில் ஒரு கிழவர். மருமகன் திருப்பித் தராத கடனைப் பற்றிப் புலம்பிக்கொண்டே, குகைக்குப் பின்பக்கமாக இன்னொரு வழி இருப்பதை உளறிவிடுவார். ஆட்டம் முடிந்து படியிறங்கும்போதும் அந்தக் கிழவரைப் பற்றித்தான் பேச்சு. தம்பி மதிப்புரை எழுதினார்: உயிருள்ள கிராமம், மறக்க முடியாத மனிதர்கள், புதியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

திருவொற்றியூரிலிருந்து வரும் மாணவர் ஒருவர் அதை நம்பினார். வெளிநாட்டுப் புத்தகம், தபால் செலவே விலையில் பாதி. வாங்கி, சித்தப்பா பிள்ளைகள் நால்வரை உட்காரவைத்து, வாழ்க்கையில் முதன்முறையாக டி.எம். ஆனார். நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

பிள்ளைகள் கிராமத்துக்கு வந்து சேர்ந்தார்கள். “யாரிடம் விசாரிக்கலாம்?” என்று கேட்டார்கள். அவர் ஒரு பக்கம் முன்னால் புரட்டினார், இரண்டு பக்கம் பின்னால் புரட்டினார், கடைசிப் பக்கம்வரை போய்த் திரும்பினார். கிராமத்தைப் பற்றி அந்தப் புத்தகத்தில் இருந்தது நான்கே வரி. ஊர்மக்கள் பயந்திருக்கிறார்கள், கேட்டால் குகையைப் பற்றிச் சொல்வார்கள் என்பதோடு சரி. யார் சொல்வார், என்ன சொல்வார் என்று ஒரு சொல் இல்லை. கிழவரும் இல்லை, பின்வழியும் இல்லை. “ஊர்க்காரர் ஒருவர் வருகிறார்... குகை இருக்கிறது என்கிறார்...” என்று அவர் இழுத்தார். “அவர் பெயர் என்ன அண்ணா?” என்றாள் கடைக்குட்டி. அவருக்கு வேர்த்துவிட்டது. மூத்தவன் கைபேசியை எடுத்துவிட்டான். காப்ளின்களைப் பார்க்காமலே ஆட்டம் முடிந்தது.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. “எனக்கு இது வராது அண்ணா” என்று சொல்லிவிட்டு அந்த மாணவர் அதன்பின் டி.எம். இருக்கையில் உட்காரவே இல்லை. எனக்கு எரிச்சல் தீராததும் அதனால்தான். புத்தகத்தின் குறையைத் தன் குறையாக எடுத்துக்கொண்டார். தம்பியிடம் கேட்டபோது, “கிழவர் புத்தகத்தில் இருந்தாரே” என்று சாதித்தார். பக்கத்தைத் திறந்து காட்டிய பிறகுதான் வாயடைத்தார். அவர் பொய் எழுதவில்லை. பழகிய கை ஓட்டையைக் கண்ட மாத்திரத்தில் அடைத்துவிடுகிறது. அடைத்தது நினைவிலும் தங்குவதில்லை. பிறகு உட்கார்ந்து மதிப்பெண் போடும்போது, தனக்கு வரவேண்டியதைப் புத்தகத்தின் கணக்கில் வரவு வைத்துவிடுகிறது.

இதற்கு வழி ஒரு பென்சில். நடத்தும்போது புத்தகத்தில் இல்லாத எதைச் சொன்னாலும் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். ஒருவருக்குப் பெயர் வைத்தால் கோடு, தடயம் ஒன்றைச் சேர்த்தால் கோடு, பூட்டிய கதவை இரக்கப்பட்டுத் திறந்துவிட்டால் கோடு. ஆசைப்பட்டுச் சேர்த்ததையும் வேறு வழியில்லாமல் சேர்த்ததையும் பிரித்து, இரண்டாவது வகையைச் சுழித்துவையுங்கள். அந்தச் சுழிகள்தான் உங்கள் மதிப்புரை. முடிந்தால் இதைவிட நல்லது, ஆட்டமே நடத்தியிராத ஒருவரிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு நீங்கள் பேசாமல் உட்காருவது. உதவிக்குப் போக நாக்கு துடிக்கும்; போகாதீர்கள். எங்கே அவர் “இருங்கள், பார்க்கிறேன்” என்கிறாரோ அந்தப் பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். பழம் தின்று கொட்டை போட்டவர்கள் கதவைத் திறக்கும் முன் காதை வைத்துக் கேட்பார்கள், தரையைக் கோலால் தட்டுவார்கள். புதியவர் நேராகத் திறந்து உள்ளே போய்விடுவார். அப்போது என்ன நடக்கிறது என்பதுதான் தெரியவேண்டியது.

ஒற்றைப் பகடையில் தொங்கும் கதை

ரகசியக் கதவைக் கண்டுபிடித்தால்தான் அடுத்த பாதி என்று சில சாகசங்கள் இருக்கும். தேவைப்படும் எண் 15, பாத்திரத்தின் திறமைக்காகப் பகடை எண்ணோடு சேர்க்கும் கூட்டல் 2 என்றால், பகடையில் 13 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வாய்ப்பு 40 சதவீதம். நால்வரும் தனித்தனியே உருட்டினால்கூட, எல்லோரும் தவற 13 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நம் மேசையில் பகடை நன்றாக விழுந்துவிட்டால் இந்தக் குறை கண்ணிலேயே படாது. ஆகவே விழுந்த எண்ணை மறந்துவிட்டு, தவறியிருந்தால் புத்தகம் என்ன சொல்கிறது என்று தேடுங்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றால் அதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

சண்டைக் கணக்கைக் கண்டு மிரள்வது

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் தொடக்கப் பெட்டியில் இருக்கும் சாகசப் புத்தகத்தில் முதல் சண்டையே நான்கு காப்ளின்களின் பதுங்கித் தாக்குதல்தான். அந்தப் பதிப்பின் கணக்குப்படி ஒரு காப்ளினை வீழ்த்தினால் 50 அனுபவப் புள்ளி. நான்கு சேர்ந்தால் 200. சண்டையின் கடுமையை அளக்கும்போது, கூட்டமாக வருவதால் இரட்டிப்பாக்கி 400. முதல்நிலைப் பாத்திரங்கள் நால்வருக்கு சண்டை ‘உயிராபத்து’ ஆகிவிடும் என்ற எல்லைக்கோடும் சரியாக 400இல்தான் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்துவிட்ட பெருமிதத்தில் “சமநிலை இல்லை” என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள்.

கணக்கு சரிதான். உடலுறுதிக் கூட்டல் இல்லாத மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி 6. காப்ளினின் வாள் பட்டால் 3 முதல் 8 வரை போகும். படும் வெட்டுகளில் பாதி அவரைச் சாய்த்துவிடும். ஆனால் தோற்றால் என்ன ஆகும் என்பதையும் அந்தப் புத்தகம் சொல்லிவிடுகிறது: காப்ளின்கள் அவர்களை மயங்கிய நிலையிலேயே விட்டுவிட்டு, இருப்பதைச் சுருட்டிக்கொண்டு குகைக்குப் போய்விடும். தோல்வியிலும் கதை நகர்கிறது. சண்டை கடினமா என்பதைவிட, தோற்றவர்களுக்கு அடுத்த வாக்கியம் இருக்கிறதா என்பது முக்கியம்.

உரக்கப் படிக்க வேண்டிய வருணனை

மௌனமாகப் படித்து ரசிக்காதீர்கள். எங்கள் மேசையில் புத்தகம் ஆங்கிலம், ஆட்டம் தமிழ். பன்னிரண்டு வரி வருணனையை டி.எம். படித்து, பிறகு தமிழில் சொல்லி முடிப்பதற்குள் யாராவது ஒருவர் டீ வாங்கக் கிளம்பிவிடுகிறார். மூன்று வரிக்குள் இருந்தால் நல்லது. சிலந்தி இருக்கிறது என்ற செய்தி பதினோராவது வரியில் இருந்தால், அந்த அறைக்குக் குறை எழுதலாம்.

பக்கக் கணக்கு

பக்கம் அதிகம், ஆகவே விலைக்கு ஏற்ற சரக்கு என்பது பழைய பேப்பர் எடைக்கு எடுப்பவர் பேச்சு.

தயார் பாத்திரங்கள்

கூடவே கொடுத்திருக்கிறார்களா? அந்தப் பாத்திரங்களையே வைத்து ஆடிப் பாருங்கள், உங்கள் சொந்தப் பாத்திரங்களை வைத்து அல்ல.

ஒரே அமர்வில் முடியும் என்பதை நம்புவது

நான்கு பேர், நான்கு காப்ளின், நான்கு சுற்று என்றால் 32 முறை ஒவ்வொருவர் முறையாக வந்துபோக வேண்டும். புதியவர் ஒவ்வொரு முறையும் தாளைத் தடவித் தேடுவார். ஒரு சண்டையே முக்கால் மணி நேரத்தைத் தின்றுவிடும். கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள், பின்னட்டையைப் பார்த்து அல்ல.

நட்சத்திரம்

போடாதீர்கள். நடத்தியவர் இதற்கு முன் நடத்தியிருக்கிறாரா, எத்தனை பேர் ஆடினார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு இது முதல் ஆட்டம் என்ற மூன்றையும் அந்த இடத்தில் எழுதிவிடுங்கள்.